பொன்னாத்தாள் அடைத்த வாய்க்கால்

"அம்மிணி… மதுமதி… சித்த இக்கட்ட வா. வந்து உங்கூட்டுத் தண்ணியப் பாரு."

பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற ஆள் இல்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பினாலும், "எங்க பொறப்புட்டுட்டே?" என்று விருந்தாளியைக் கேட்பது போலத்தான் கேட்பார். அன்றைக்கும் குரல் உயரவில்லை. உயராததுதான் மதுமதிக்கு என்னவோ போல் இருந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பொடக்காலிப் பக்கம் ஓடினாள்.

"என்னுங் பெரிம்மா?"

"நானெதுக்குச் சொல்லோணும்? கண்ணிருக்குதல்லொ. பாரு."

வீட்டின் பின்னால், போன வாரம்தான் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய தொட்டியில் தண்ணீர் சிவப்பாக நின்றது. லேசான சிவப்பு இல்லை. குங்குமத்தைக் கொட்டிக் கரைத்தாற்போல நல்ல சிவப்பு. தொட்டி நிறைந்து, வழிந்து, வாய்க்காலில் இறங்கி, பொன்னாத்தாளின் மாட்டுப்புல்லுக்குள் கொஞ்ச தூரம் போயிருந்தது. அதற்கு மேல் போகவில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு, மேலே ஒரு மண்மூட்டையையும் உருட்டி வைத்திருந்தார் பொன்னாத்தாள். மண்வெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இதென்னுங் பெரிம்மா இது!"

"அதத்தான் கண்ணு நானும் கேக்கறேன். திருப்பூர்ல இருந்துக்கிட்டு, செவப்புத் தண்ணின்னா என்னன்னு எங்கிட்டக் கேப்பியா?"

மதுமதிக்கும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சாயம். அந்த ஊரில் நிறம் மாறிய தண்ணீரைப் பார்ப்பவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது.

"தம்பி எங்க?"

"கோயிலுக்குப் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கப் போயிருக்காருங். இப்ப வந்துருவாரு."

"வரட்டும். வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த மண்ண யாரும் தொடப்படாது."

தம்பி என்று பொன்னாத்தாள் சொன்னது மதுமதியின் கணவன் தீனதயாளனை. அவன் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறான். கேட்ட நிறம் வருகிறதா என்று சின்னத் துணித்துண்டுகளில் சாயம் ஏற்றிப் பார்க்கிற வேலை. மதுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிற மெர்ச்சன்டைசர். இரண்டு பேரும் சேர்ந்து, அனுப்பர்பாளையத்தைத் தாண்டி, தெருவிளக்கு முடிகிற இடத்தில், மண்ணும் சுண்ணாம்பும் வைத்து அந்த வீட்டைக் கட்டினார்கள். சாக்கடை அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் மதுமதிக்கு வேண்டியிருக்காது. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் முதலில் ஒரு குழியில் நின்று தெளியும். அங்கிருந்து ஜல்லியும் மணலும் நிரப்பி, கல்வாழையும் சேம்பும் நட்ட படுகைக்குள் நுழையும். வேர்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து, மறுமுனையில் சுண்ணாம்புத் தொட்டிக்கு வந்து சேரும். கழிப்பறையில் ஊற்றுவதும், வாழைக்கு விடுவதும் அந்தத் தண்ணீரைத்தான். மிச்சம் வாய்க்கால் வழியாகப் பொன்னாத்தாளின் புல்லுக்கு.

படுகை இருக்கிற இடமே பொன்னாத்தாளுடையதுதான். மதுமதியின் மனை சின்னது. சரிவும் அந்தப் பக்கம். கேட்கப் போன அன்றைக்குப் பொன்னாத்தாள் சொன்னார்:

"எடமென்ன, சும்மாதான கெடக்குது. எடுத்துக்க. தண்ணியும் என்ற புல்லுக்கு ஆச்சு. ஆனா உங்கூட்டுக்காரரு பட்டறையில வேல பாக்கறவரு. அங்கத்த சொட்டு ஒண்ணு இங்க வந்துச்சுன்னாலும் மூடிப்போடுவேன். பொறவு பெரிம்மான்னு வந்து நிக்கப்படாது."

"வராதுங் பெரிம்மா."

"நீ சொன்னா ஆச்சா? அவரு சொல்லட்டும்."

தீனதயாளன் சொன்னான். சொன்னபடி நடந்தும் வந்தான். பட்டறையிலேயே கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். லேப் உடுப்பு வீட்டு வாசலைப் பார்த்ததே இல்லை. மதுமதி தன் பங்குக்குச் சோப்பையும் சோப்புத்தூளையும் வீட்டை விட்டுத் துரத்தியிருந்தாள். உடம்புக்கு அரப்பு, தலைக்குச் சீயக்காய், பாத்திரத்துக்கும் துணிக்கும் பூந்திக்கொட்டை. இப்போது அந்த வாய்க்கால் மூடியே கிடந்தால், தொட்டி வழியாது, படுகை வடியாது, தண்ணீர் திரும்பிக் குளியலறைக்கே ஏறும். பொன்னாத்தாள் முடியாது என்றால் அந்த வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிக்க முடியாது. மண் வீடு கட்டியதெல்லாம் சும்மா என்று ஆகிவிடும்.

அதுவும் அன்றைக்கு. மாரியம்மன் நோம்பியின் கடைசி நாள். காலையிலிருந்து ஊரே மஞ்சள் நீராடிவிட்டு வந்திருந்தது. மாமன், மச்சான், கொழுந்தன், கொழுந்தியாள் என்று முறைக்காரர்கள் ஒருவர் தலையில் ஒருவர் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொட்டியதில் விருந்துக்கு வந்திருந்த தீனதயாளனின் ஒறம்பரை முழுக்க உச்சி முதல் பாதம்வரை மஞ்சள். பாதிப் பேர் குளித்துவிட்டு முன்பக்கம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் துண்டோடு வரிசையில் நின்றார்கள்.

வரிசையின் முதல் ஆள் இப்போது பொடக்காலிக்கு வந்தார். தீனதயாளனின் அக்கா, மதுமதியின் நங்கையா சித்ராதேவி.

"மதி, உங்க பாத்ரூம்ல தண்ணி எறங்க மாட்டீங்குது. கணுக்காலு வரைக்கும் நிக்குது. நான் குளிக்கறதா, நீஞ்சறதா?"

"சித்த இருங் நங்கையா."

"எத்தன நேரம் இருக்கறது? மஞ்சளு காஞ்சு மூஞ்சியெல்லாம் இழுத்துப் புடிக்குது. ஊட்டுல ஒரு சோப்புக் கட்டியுமில்ல. எங்கூட்டுக்காரரு அரப்பத் தேச்சுட்டுக் கண்ணு எரியுதுன்னு அங்க ஒக்காந்து அழுதுட்டு இருக்காரு. நோம்பிக்கு வந்த எடத்துல மாப்பளைய அழ வெச்சாச்சு… அதென்ன புள்ள தொட்டியில?"

"அதுதானுங் தெரியல."

சித்ராதேவி எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தீனா கொண்டாந்தானா?"

"பாத்தியா அம்மிணி," என்றார் பொன்னாத்தாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. "கூடப் பொறந்தவளுக்கே அதுதான் தோணுது."

வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தீனதயாளன் ஈரச் சட்டையோடு, காதுமடல்வரை மஞ்சளாக, சிரித்துக்கொண்டே பின்பக்கம் வந்தான். மூன்று பெண்கள் தொட்டியைச் சுற்றி நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். தொட்டியைப் பார்த்தான். ஒரு டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"ரியாக்டிவ் ரெட் சாயம் மாதிரி இருக்குது," என்றான். "சித்த மெரூன் பக்கம் அடிக்குது."

மதுமதி அவனை முறைத்தாள்.

"பேரு வேற வெச்சாச்சா! இன்னும் எத்தன பர்சன்டேஜுன்னும் சொல்லிருங்க."

"இல்ல மதி, பாக்கறதுக்கு அப்புடி இருக்குதுன்னு…"

"சித்த இந்தப் பக்கம் வாங்க."

வாழை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏனுங், ஒரே வார்த்த. பட்டறையிலிருந்து ஏதாச்சும் கொண்டாந்து இங்க கழுவுனீங்களா? பாட்டலு, கையுறை, துணி, எதாச்சும்?"

"என்னையக் கேக்கறயா மதி?"

"கேக்கத்தானுங் வேணும். கேக்காம உட்டுட்டு, பெரிம்மாகிட்ட எந்த மொகத்தோட பேசறது?"

"இல்ல."

"செரி. இல்லைன்னா இல்ல."

அவளுக்கு அது போதும். பொன்னாத்தாளுக்குப் போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். திரும்பி வந்ததும் தீனதயாளன் நேராக அவரிடம் போனான்.

"பெரிம்மா, நான் எதையும் கொண்டாரல. நம்பிக்கை இல்லீன்னா ஒரு பாட்டல்ல புடிச்சு டெஸ்ட்டுக்குக் குடுத்தர்றேனுங். நாளைக்கே ரிப்போர்ட் வந்துரும்."

பொன்னாத்தாள் முதன்முறையாகச் சிரித்தார்.

"ரிப்போர்ட்டா தம்பி? நொய்யல் ஆத்தோரத்துல எங்களுக்குத் தோட்டம் இருந்தப்ப கெணத்துத் தண்ணி காப்பி நெறத்துக்கு மாறுச்சு. அப்பவும் ஒருத்தரு பாட்டல்ல புடிச்சுட்டுப் போயி, ஒண்ணும் பயமில்லைன்னு ரிப்போர்ட்டுக் கொண்டாந்தாரு. சந்தோசமுங்கன்னு ஒரு சொம்பு மொண்டு அவருகிட்டயே நீட்டுனேன். குடிக்கோணுமல்லொ? வண்டிய எடுத்துட்டுப் போனவருதான்."

"அது வேறங் பெரிம்மா."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவாங்க. பால் வாங்கறவங்க நாளைக்கு எங்கிட்ட வந்து கேட்டா நானும் அது வேறன்னு சொல்றதா? இந்தப் புல்லத் திங்கற மாடு தம்பி. அதக் கறந்துதான் புள்ளைக குடிக்குது."

மதுமதிக்கு வேறு ஒரு யோசனை வந்தது.

"புதுத்துணி எதாச்சும் சாயம் போயிருக்குமா? குளிச்சவங்க ஊற வெச்சாங்களோ என்னமோ."

தீனதயாளன் முகம் தெளிந்தது. இது அவன் வேலை. உள்ளே போய் வெள்ளைப் பனியன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். நனைத்துப் பிழிந்தான். கொடியில் கிடந்த சட்டைகளையும் பாவாடைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்தான். எதிலும் சிவப்பு வரவில்லை. கடைசியாகச் சுற்றிப் பார்த்தான். அக்கா மெரூன் சேலையில் நின்றார். போய்க் குனிந்து முந்தானையைப் பிடித்து அழுத்தித் தேய்த்தான்.

"டேய்! என்னடா பண்றே?"

"ரப்பிங் டெஸ்ட்டுக்கா. ஈரத்துணியில பத்துத் தடவ தேச்சா, சாயம் போற துணியா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

"கட்டியிருக்கற சீலையிலயாடா டெஸ்ட்டு எடுப்பாங்க? கைய எடு. ஈரோடு போய் எடுத்த சீல. பவுனாட்டம் இருக்கும். சாயம் போகுமா?"

"போகலக்கா. பாஸ். வெறும் மஞ்சளுதான் ஒட்டியிருக்குது." துண்டைத் துவைக்கிற கல்லின் மேல் வீசினான்.

"பாஸா! நல்லா இருக்குதுடா உங்க மொற. ஒறம்பரை வந்தா வாசல்ல நிறுத்தி, ஆரத்தி சுத்தி உள்ள கூப்புடுவாங்க. நீங்க பொடக்காலியில நிறுத்திச் சீலையத் தேக்கறீங்க. மாமியார் ஊட்டுக்குப் போயி இதச் சொன்னேன்னு வெய்யி…"

சித்ராதேவி பேசிக்கொண்டே போனார். மதுமதி கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

கல்லின் மேல் கிடந்த துண்டை எடுத்தாள். வெள்ளைத் துணியில் நடுவில் மட்டும் திட்டாக மஞ்சள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டால் இன்னும் கையில் ஒட்டுகிற பச்சைச் சுண்ணாம்பு. குனிந்து, மஞ்சள் பட்ட இடத்தை ஈரச் சுவரில் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள்.

துண்டில் இருந்த மஞ்சள் சிவந்திருந்தது.

"நங்கையா," என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."

"எத? மாமியார் ஊட்டுல சொல்றதயா?"

"ஆரத்தி. ஆரத்திக்கு என்ன கரைப்பீங்க?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்… அடியே!" சித்ராதேவி தன் கையைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "அடப்பாவமே! நாங்க ஊத்திக் குளிச்ச மஞ்சத் தண்ணியா இது?"

"சோப்புப் போட்டிருந்தா பாத்ரூம்லயே செவந்திருக்குமுங். அப்பவே சொல்லியிருப்போம். அரப்புக்குச் செவக்கல. மஞ்சளாவே போயி, இந்தச் சுண்ணாம்பப் பாத்ததும் செவந்துருச்சு."

தீனதயாளன் டம்ளரை மறுபடி தூக்கிப் பார்த்தான். அவன் காதுமடலில் இருந்த மஞ்சள் சின்ன ஓடையாகக் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரியாக்டிவ் ரெட்டு," என்றார் சித்ராதேவி அவனைப் பார்த்து. "சித்த மெரூன் பக்கம் அடிக்குதா? இதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களாக்கும்."

"லேப்ல இதெல்லாம் வராதுக்கா."

"எங்கிருந்து வரும்? ஊரே மஞ்சளா நிக்குது, எல்லாருஞ் சேந்து சாயத்தத் தேடறீங்க."

பொன்னாத்தாள் மட்டும் சிரிப்பில் சேரவில்லை. துண்டை வாங்கிப் பார்த்தார். தொட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இருக்கலாம்," என்றார். "எங்கூட்டுக் கல்யாணத்துலயும் ஆரத்தி கரச்சிருக்கறேன். ஆனா சாயமும் செவப்பு, ஆரத்தியும் செவப்பு. இந்தத் தண்ணியில எது இருக்குதுன்னு எப்புடித் தெரியறது?"

தீனதயாளன் யோசித்தான்.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாக்கலாமுங் பெரிம்மா. மஞ்சளுன்னா புளிப்புப் பட்டதும் பழையபடி மஞ்சளாயிரும். பட்டறைச் சாயம் இதுக்கெல்லாம் அசையாது."

"மதி, கோயில் எலுமிச்சங்கனி இருக்குதல்லொ, எடு," என்றார் சித்ராதேவி.

"உங்க பழம் வேண்டாம்," என்றார் பொன்னாத்தாள்.

வேலியைத் தாண்டித் தன் கட்டுத்தரைப் பக்கம் போனார். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. தன் மரத்தில் ஒரு காயைத் திருகிப் பறித்து, மண்வெட்டி முனையிலேயே கீறிக்கொண்டு வந்தார். டம்ளரையும் தீனதயாளன் கையிலிருந்து வாங்கி, தானே தொட்டியில் மொண்டார். பிழிந்தார்.

சிவப்பு அடியிலிருந்து கலைந்து, ஆரஞ்சாகி, கலங்கிய மஞ்சளில் போய் நின்றது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மஞ்சள் வாசம் வந்திருக்க வேண்டும். முகம் இளகியது.

"சாயமில்ல," என்றார். "ஒத்துக்கறேன். தம்பியச் சந்தேகப்பட்டது என்ற தப்புத்தான்."

"அதனால என்னுங் பெரிம்மா. எங்களுக்கே அதுதான தோணுச்சு." தீனதயாளன் மண்வெட்டிக்குக் கை நீட்டினான். "குடுங்க. மண்ண நானே எடுத்துப் போட்டர்றேன்."

பொன்னாத்தாள் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

"இருங்க தம்பி. போன நோம்பிக்கும் இதே ஒறம்பரைதான வந்துச்சு? இதே மஞ்சளோடதான குளிச்சீங்க?"

"ஆமாங்."

"அன்னைக்குச் சாயந்தரம் நான் புல்லறுக்க வந்தேன். வாய்க்கால்ல தண்ணி கண்ணாடியாட்டம் வந்துச்சு. இந்தப் படுகை கட்டுனப்பவே இவ சொன்னா, கொழம்பு கழுவுன தண்ணி ஊத்துனாலும் அக்கட்டத் தெளிஞ்சுதான் வரும்னு. வந்துச்சு. நானே பாத்துருக்கறேன். இந்த வருசம் மஞ்சளு மஞ்சளாவே எப்புடித் தம்பி தொட்டிக்கு வந்துச்சு?"

மதுமதி சட்டென்று படுகைப் பக்கம் திரும்பினாள். இது அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கல்வாழை இலைகள் பளபளவென்று நின்றன. ஜல்லியின் மேல் எப்போதும் போல் ஈரம். வேர்களையும் மணலையும் தாண்டி இவ்வளவு மஞ்சள் வர முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஏனுங்?" என்றாள் கணவனைப் பார்த்து.

தீனதயாளன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு படுகையின் ஓரத்துக்குப் போய், அங்கே கிடந்த பலகைக் கல் ஒன்றைப் புரட்டினான். கல்லுக்கு அடியில் ஒரு குழாய். தண்ணீர் முதலில் வந்து நிற்கிற குழியிலிருந்து, படுகையைச் சுற்றிக்கொண்டு, நேராகத் தொட்டிக்குப் போயிற்று. நடுவில் ஒரு வால்வு. திறந்திருந்தது.

"போன வாரம் தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசறப்பப் போட்டேன். இத்தன பேரு வந்து குளிச்சா படுகை தாங்காதுன்னு… பாத்ரூம்ல தண்ணி ஏறுமே, ஒறம்பரை முன்னால அசிங்கமாப் போயிருமேன்னு. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுந்தானுங் பெரிம்மா. எல்லா பிளான்ட்லயும் ஒரு பைபாஸ் இருக்கும். அவசரத்துக்கு."

"இருக்கும் தம்பி. எங்க தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டறையிலயும் இருந்துச்சு."

பொன்னாத்தாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை.

"அவிங்க தண்ணியச் சுத்தம் பண்ற மெசினு வெச்சிருந்தது பொய்யில்ல. நானே உள்ள போயிப் பாத்துருக்கறேன். பெரிய பெரிய தொட்டி, காத்தடிக்கற மோட்டாரு, எல்லாம் ஜோரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துலயே ஒரு கொழாயும் இருந்துச்சு. அவசரத்துக்குன்னுதான் சொன்னாங்க. மழ பேஞ்சா அவசரம். கரண்டு போனா அவசரம். ஆர்டரு சேந்து வந்துட்டா அவசரம். கடசீல அவசரமில்லாத நாளே இல்லாமப் போச்சு. மெசினு பாட்டுக்கு ஓடுச்சு. கொழாய் பாட்டுக்கு ஓடுச்சு. எங்க கெணறு போச்சு."

முன்பக்கம் பந்தலில் யாரோ யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம் வந்தது.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லொ?" என்றாள் மதுமதி.

"சொன்னா நீ வேண்டாம்னிருப்பே."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

"நல்ல நாயம்," என்றார் சித்ராதேவி.

தீனதயாளன் குழாயைப் பார்த்தபடியே சொன்னான்: "பெரிம்மா, வால்வ மூடிட்டாப் போதுமுங். இனி நானே தொறக்க மாட்டேன். நோம்பி நாள்ல வேணும்னா உங்ககிட்டக் கேட்டுட்டு…"

"வேண்டாமுங்," என்றாள் மதுமதி. "எடுத்துருங்க."

"எடுத்துட்டா அடுத்த நோம்பிக்கு பாத்ரூம்ல ஏறும் மதி. யோசிச்சுப் பேசு."

"ஏறட்டும்."

"ஏறோணும் கண்ணு," என்றார் பொன்னாத்தாள். "உங்கூட்டுத் தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா அது மொதல்ல உங்க காலுல படோணும். அப்பத்தான் கொறைப்பீங்க. என்ற புல்லுல பட்டா உங்களுக்கென்ன தெரியும்? சாயம்னு நெனச்சு மூடுனேன். அது தப்பு. இந்தக் கொழாய்க்காகச் சேத்து மூடியிருக்கலாம். அது தெரியாமப் போச்சு. இப்பச் சொல்லுங்க தம்பி. மண்ண எடுக்கறதா, வெக்கறதா?"

தீனதயாளன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் ரம்பம் இருந்தது. குந்தி உட்கார்ந்து குழாயை இரண்டு பக்கமும் அறுத்து, வால்வோடு சேர்த்து வெளியே எடுத்துப் போட்டான். தொட்டியிலும் குழியிலும் கைமுட்டி போகிற அளவுக்கு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சுண்ணாம்பும் செங்கல் துண்டும் வெச்சு அடச்சர்றேன்," என்றான்.

"சுண்ணாம்பு எதுக்குத் தம்பி? நாலு நாளைக்கு ஈரம் காயாது. சிமிட்டி வெய்யுங்க."

தீனதயாளன் மதுமதியைப் பார்த்தான். அந்த வீட்டுக்குள் சிமென்ட்டை அவள் விட்டதே இல்லை. கட்டும்போது கொத்தனார் ஒரு மூலையில் ரகசியமாகப் பூசியதைக்கூடக் கொத்தி எடுக்க வைத்தவள்.

"பக்கத்துச் சைட்ல ஒரு சட்டி வாங்கிட்டு வாங்க," என்றாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"பார்றா!" என்றார் சித்ராதேவி. "தம்பி, அவ மனசு மாறறதுக்குள்ள ஓடு."

சிமென்ட் வந்து ஓட்டைகளை அடைத்து முடிப்பதற்குள் மற்ற வேலையும் நடந்தது. தொட்டியில் இருந்த தண்ணீரைப் புல்லுக்கும் விட முடியாது, சுண்ணாம்புக் காரம் இருப்பதால் வாழைக்கும் விட முடியாது. கழிப்பறை டிரம்மில் ஊற்றிவைக்கலாம் என்றாள் மதுமதி. துண்டோடு வரிசையில் நின்ற ஒறம்பரை எல்லாம் இப்போது வாளியோடு வரிசையில் நின்றது. கண் எரிச்சல் தீர்ந்த மாப்பிள்ளை உட்பட. தொட்டி பாதி ஆவதற்குள்ளேயே சிவப்பு மங்கி, பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"வெயில்ல மஞ்சக்கறை நிக்காது," என்றார் பொன்னாத்தாள், யாரிடமும் என்றில்லாமல். "சாயமா இருந்தா நின்னுருக்கும்."

தொட்டி காலியானதும் தீனதயாளன் அடிவரை துடைத்து எடுத்தான். பிறகு எல்லோரும் படுகையின் மறுமுனையில் இருக்கிற சின்ன வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு நூல் போல ஒரு ஒழுக்கு. பொன்னாத்தாள் அதன் அடியில் கையைக் குவித்துப் பிடித்தார். நிறைந்ததும் கண்ணருகே கொண்டுபோனார். உள்ளங்கை ரேகை தெரிந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எப்பத்தான் மதி நான் குளிக்கறது?" என்று கேட்டார் சித்ராதேவி. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, காய்ந்த மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"படுகை இழுத்து முடிக்கட்டுமுங் நங்கையா. பொறவு ஆளுக்கு ஒரு வாளி. ஒருத்தரு குளிச்சதும் சித்த நேரம் உட்டுத்தான் அடுத்த ஆளு."

"ஒரு வாளியா! இந்த மஞ்சளுக்கா? ஏனுங் பெரிம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"என்ற கட்டுத்தரைக்கு வா அம்மிணி. மாட்டக் கழுவற நேரந்தான். உன்னையும் சேத்துக் கழுவி உட்டர்றேன்."

"அங்கயாச்சும் சோப்பு இருக்குதுங்களா?"

"மாட்டுக்கே போடறதில்ல. உனக்குப் போடறதா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பொன்னாத்தாள் வாய்க்காலுக்குப் போய்விட்டார். மூட்டையை உருட்டிக் கரைக்கு ஏற்றினார். மண்வெட்டியால் ஒரே ஒரு வெட்டு. மண் கரையில் கையகலத்துக்கு ஒரு வழி விட்டார். அவ்வளவுதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மிச்ச மண்ணுங் பெரிம்மா?" என்றான் தீனதயாளன்.

"அது கெடக்கட்டும். சிமிட்டி காயட்டும். நாளைக்கு வந்து தட்டிப் பாத்துட்டு எடுக்கறேன்."

"அதுவரைக்கும் தண்ணி?"

"இதுல போறது போதும் தம்பி," என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.